வர்க்கமூலக் கணக்கும் முன்னோர் வகுத்த வழியும்



நமது ஆண்டு மலரில் பெரியார்களின் சரித்திரத்தையும் பள்ளிவாசல்களின் வரலாற்றையும் எழுதுவதே இதுகாறும் வழக்கம். இம்முறை ஒரு கணக்கின் வரலாற்றை எழுத முனைந்துள்ளோம். கணக்கு என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறோம். கூட்டலும் பெருக்கலும் அறிந்தவர் எவரும் இதனைப் பின்தொடரலாம். மக்தபில் ஓதியவர்களுக்கு இது இன்னும் எளிது. ஏனெனில் இக்கணக்கின் சொற்கள் பலவும் அவர்கள் அறிந்த அரபிச் சொற்களே.

மஃரிபுக்குப் பின் பள்ளியின் மாடியில் பாடம் படிக்க வரும் பிள்ளைகளை அடிக்கடி மலைக்க வைக்கும் கணக்கு வகை ஒன்றுண்டு. அது வர்க்கமூலக் குறியுள்ள சமன்பாடு. குறியை நீக்குவதற்காக இருபுறத்தையும் வர்க்கப்படுத்துகிறார்கள். முறைப்படி செய்து முடிக்கிறார்கள். இரண்டு விடைகள் கிடைக்கின்றன. இரண்டையும் எழுதினால் ஆசிரியர் ஒன்றை அடித்துவிடுகிறார். செய்த வழியில் பிழை ஏதுமில்லை, ஆயினும் வந்த விடைகளில் ஒன்று பொய் என்றால், அந்தப் பொய் எங்கிருந்து வந்தது? பிள்ளைகளின் இக்கேள்வி நியாயமானது. இதற்கு விடை தேடிப் போனால் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய பக்தாதுக்கே போக நேரிடுகிறது.

அப்பாஸிய கலீஃபா மன்ஸூர் கி.பி. 762இல் பக்தாது நகரை நிறுவினார். அவருடைய கொள்ளுப்பேரர் கலீஃபா மஃமூன் ஹிஜ்ரி 198 முதல் 218 வரை, அதாவது கி.பி. 813 முதல் 833 வரை ஆட்சி செய்தார். கிரேக்கம், பாரசீகம், சமஸ்கிருதம் ஆகிய மொழிகளின் அறிவு நூல்கள் அரபியில் பெயர்க்கப்பட்ட காலம் அது. அந்நாளில் பைத்துல் ஹிக்மா எனப்பட்ட அறிவகத்தோடு தொடர்புடையோரில் ஒருவர் முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி. இன்றைய உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான் நாடுகளில் அடங்கும் குவாரிஸ்ம் பகுதியைக் குறிக்கும் பெயர் அது. அவர் சுமார் 780இல் பிறந்து சுமார் 850இல் மறைந்தவர் என்பர். கலீஃபா மஃமூனின் ஊக்கத்தை முன்னுரையில் குறிப்பிட்டு அவர் எழுதிய கணித நூலின் பெயரில் 'அல்ஜப்ர் வல்முகாபலா' என்னும் சொற்றொடர் இடம்பெற்றுள்ளது. பள்ளிக்கூடத்தில் 'அல்ஜீப்ரா' என்றும் இயற்கணிதம் என்றும் சொல்லப்படும் பாடத்திற்கு உலகெங்கும் பெயரளித்தது இந்நூலே.

இந்நூலைத் திறப்பவர் முதலில் வியப்பது அதில் குறியீடு என்று ஒன்றுமே இல்லாமையைக் கண்டுதான். கூட்டல் குறி இல்லை, சமக் குறி இல்லை; எண்களைக்கூட எழுத்திலேயே எழுதியுள்ளார். கணக்கு முழுவதும் உரைநடையாக ஓடுகிறது. அவர் எடுத்தாண்ட சொற்கள் மூன்று. ஒன்று 'மால்'. மால் என்றால் செல்வம், பொருள். ஜகாத்துப் பாடம் ஓதிய சிறுவனும் இதனை அறிவான். மற்றொன்று 'ஜித்ர்'. ஜித்ர் என்றால் வேர். எந்த எண்ணைத் தன்னோடு தானே பெருக்கினால் அந்த மால் கிடைக்குமோ அதுவே அந்த மாலின் வேர். மூன்றாவது வெறும் எண். அதைச் சில இடங்களில் திர்ஹம் என்றே குறிக்கிறார். நாம் வர்க்கமூலம் என்கிறோமே, அதிலுள்ள 'மூலம்' என்பதும் வடமொழியில் வேரையே குறிக்கும். கி.பி. 499இல் ஆரியபட்டர் வர்க்கமூலம் காணும் முறையைத் தம் நூலில் சொல்லியிருக்கிறார். எண்ணை மரமாகவும் அதன் மூலத்தை வேராகவும் கண்டது இரு மொழிகளிலும் நிகழ்ந்திருக்கிறது.

அல்குவாரிஸ்மியின் நூலில் மிகப் புகழ்பெற்ற கணக்கு இது: ஒரு மாலும் அதன் வேரைப்போல் பத்து மடங்கும் சேர்ந்தால் 39 திர்ஹம் ஆகிறது, அந்த மால் எவ்வளவு, வேர் எவ்வளவு?

இதனை இக்காலக் கணிதப் புத்தகங்கள் தெரியாத எண்ணின் வர்க்கமும் அவ்வெண்ணின் பத்து மடங்கும் சேர்ந்து 39 என்று மாற்றி எழுதுகின்றன. அவ்வாறு எழுதினால் அது சாதாரண இருபடிச் சமன்பாடு. வர்க்கமூலக் குறி அதில் இராது. ஆனால் அரபி அறிந்தவர் மூலத்தின் சொற்களை அப்படியே வாசித்தால் தோன்றுவது வேறு. முதலில் நிற்பது மால். வேர் அதிலிருந்து பிறப்பது. நாம் தேடும் பொருளும், அப்பொருளினுடைய வர்க்கமூலத்தின் பத்து மடங்கும் சேர்ந்து 39. ஆக, இன்று பிள்ளைகளை மலைக்க வைக்கும் வர்க்கமூலச் சமன்பாடுதான் இயற்கணிதத்தின் முதல் நூலில் முன்வரிசையில் நிற்கிறது! அவர் வேரைக் கண்டதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு முறையும் மாலையும் சொல்லி முடிப்பதற்குக் காரணமும் இதுவே.

அவர் சொல்லும் வழியைப் பார்ப்போம். வேர்களின் எண்ணிக்கை பத்து. அதில் பாதி 5. அதை அதனாலேயே பெருக்க 25. அதனை 39உடன் கூட்ட 64. அதன் வேர் 8. எட்டிலிருந்து அந்தப் பாதியாகிய ஐந்தைக் கழிக்க 3. இதுவே வேர், மால் 9. சரிபார்த்தால் ஒன்பதும் முப்பதும் முப்பத்தொன்பது.

வழியைச் சொன்னதோடு அவர் நின்றிருந்தால் அது சூத்திரம் மனனம் செய்வதாகவே முடிந்திருக்கும். ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு படமும் தந்துள்ளார். இதை வாசிப்போர் ஒரு காகிதத்தில் வரைந்து பார்க்கலாம். ஒரு சதுரம் வரைக. அதன் பரப்பே நாம் தேடும் மால். ஆகவே அதன் பக்கம் வேர். பத்து வேர்களை நான்காகப் பிரித்தால் தலைக்கு இரண்டரை. சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் இரண்டரை அகலமுள்ள பட்டை ஒன்றை ஒட்டுக. சதுரமும் நான்கு பட்டைகளும் சேர்ந்த பரப்பு 39. இப்போது உருவத்தின் நான்கு மூலைகள் மட்டும் வெறுமையாக நிற்கும். ஒவ்வொரு மூலையும் இரண்டரைக்கு இரண்டரை, அதாவது ஆறேகால். நான்கு மூலைக்கும் சேர்த்து 25. மூலைகளை நிரப்பிவிட்டால் 64 பரப்புள்ள முழுச் சதுரம். அதன் பக்கம் 8. இருபுறமும் இரண்டரை இரண்டரையாக ஐந்தை நீக்கினால் உள்ளே இருந்த சதுரத்தின் பக்கம் 3. இந்தப் படத்தை ஒருமுறை தன் கையால் வரைந்த பிள்ளைக்கு, பாதியை ஏன் வர்க்கப்படுத்துகிறோம் என்பது அதன்பின் மறக்காது.

இனி அதே கணக்கை இன்றைய பாடசாலை வழியில் செய்து பார்ப்போம். பொய் விடை எங்கே நுழைகிறது என்பதை அப்போது கண்ணால் காணலாம்.

வர்க்கமூலத்தைத் தனியே ஒருபுறம் நிறுத்த வேண்டும் என்பது பாடசாலை விதி. எனவே வேரின் பத்து மடங்கு என்பது 39இலிருந்து பொருளைக் கழித்த மீதிக்குச் சமம். இருபுறத்தையும் வர்க்கப்படுத்துகிறோம். இடப்புறம் பொருளின் நூறு மடங்கு. வலப்புறம் 1521உம் பொருளின் வர்க்கமும் சேர்ந்ததில் பொருளின் 78 மடங்கு குறைகிறது. இந்தக் குறையை இருபுறமும் 78 மடங்கு சேர்த்து நிரப்புகிறோம். இவ்வாறு குறைந்ததை நிரப்பிச் செம்மைப்படுத்துவதற்குத்தான் 'ஜப்ர்' என்று பெயர். முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதற்கும் அரபியில் இதே சொல்தான். ஸ்பெயின் நாட்டில் எலும்பு கட்டும் வைத்தியருக்கு 'அல்ஜெப்ரிஸ்தா' என்ற பெயர் நெடுங்காலம் வழங்கியது. இருபுறமும் ஒரே இனமாக இருப்பவற்றை ஒன்றுக்கொன்று எதிர்நிறுத்திக் கழிப்பது 'முகாபலா'.

ஜப்ர் செய்த பின் கிடைப்பது: பொருளின் வர்க்கமும் 1521உம் சேர்ந்தால் பொருளின் 178 மடங்கு. பாதி 89. அதன் வர்க்கம் 7921. அதில் 1521 போக 6400. அதன் வேர் 80. இனி 89இல் 80 போனால் 9. 89உடன் 80 சேர்ந்தால் 169.

இதோ இரண்டு விடைகள். ஒன்பது நாம் அறிந்ததே. 169ஐப் பாருங்கள். அதன் வேர் 13. பத்து மடங்கு 130. இரண்டும் சேர்ந்தால் 299. கணக்கில் சொன்னதோ 39. தனித்த 169 ஒன்றே 39ஐ விடப் பெரிது என்பதால் சேர்த்துப் பார்க்கவே தேவையில்லை. ஆயினும் 39இலிருந்து 169ஐக் கழித்தால் குறை 130 வரும். மறுபுறம் நிறை 130. குறை 130க்கும் நிறை 130க்கும் வர்க்கம் ஒன்றே: 16,900. வர்க்கப்படுத்திய அந்தக் கணத்தில் குறையும் நிறையும் ஒரே முகம் கொண்டுவிட்டன. சமமல்லாத இரண்டு, வர்க்கத்தில் சமமாகிவிட்டன. பிள்ளைகள் கேட்ட பொய் விடை நுழைந்த வாசல் இதுவே. வர்க்கப்படுத்துதல் என்ற செயலில் பிழை இல்லை. அது முன்னே செல்லும்போது உண்மையைத் தவறவிடுவதில்லை, ஆனால் வேண்டாத ஒன்றையும் கூட அழைத்து வருகிறது. ஆதலால் வந்தவற்றை மூலக் கணக்கில் இட்டுச் சோதிப்பது விருப்பமிருந்தால் செய்யும் நஃபிலான வேலை அன்று. விடையின் ஒரு பகுதி.

அல்குவாரிஸ்மியின் வழியில் 169 வருவதேயில்லை. அவர் படத்தின் மீது கணக்குச் செய்தார். படத்தில் பக்கம் குறையெண்ணாக இருக்க இயலாது. குறையெண்ணை அவர் விடையாக ஏற்றதுமில்லை. இதனைப் பெருமை என்றும் சொல்லலாம், எல்லை என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை.

அவருக்குப் பின் எகிப்தில் வாழ்ந்த அபூ காமில் (சுமார் 850 - 930) ஒரு படி மேலே சென்றார். வேரைக் கண்டுபிடிக்காமல் நேரே மாலையே கண்டுபிடிக்கும் வழியை அவர் வகுத்தார். அதே 39 கணக்கை எடுத்துக்கொண்டு பத்தை வர்க்கப்படுத்தி நூறு என்றார். நூறை 39ஆல் பெருக்கி 3900 என்றார். நூறின் பாதியாகிய ஐம்பதை வர்க்கப்படுத்தி 2500 என்றார். இரண்டும் சேர்ந்த 6400இன் வேர் 80. அதை 39உம் 50உம் சேர்ந்த 89இலிருந்து கழித்து 9 என்று முடித்தார். மேலே பாடசாலை வழியில் வந்த அதே 89, அதே 80 என்பதை வாசகர் கவனித்திருப்பர். அவர் கழித்தார்; கூட்டவில்லை. எந்த இடத்தில் கழிக்க வேண்டும், எந்த இடத்தில் இரண்டும் செல்லும் என்பதை அறிந்திருந்தார் என்பதே இதன் சிறப்பு.

இரண்டும் செல்லும் இடமும் உண்டு. ஒரு மாலும் 21 திர்ஹமும் சேர்ந்தால் அந்த மாலின் வேரைப்போல் பத்து மடங்கு என்பது அல்குவாரிஸ்மியின் மற்றொரு கணக்கு. பாதி 5, வர்க்கம் 25, அதில் 21 போக 4, அதன் வேர் 2. ஐந்தில் இரண்டைக் கழித்தால் வேர் 3, மால் 9. கூட்டினால் வேர் 7, மால் 49. ஒன்பதும் இருபத்தொன்றும் முப்பது, சரி. நாற்பத்தொன்பதும் இருபத்தொன்றும் எழுபது, அதுவும் சரி. பாதியின் வர்க்கம் அந்த எண்ணை விடக் குறைவாக இருந்தால் கணக்கே நடவாது என்றும் அவர் எச்சரித்துள்ளார். 21க்குப் பதில் 30 என்று வைத்தால் எந்த மாலும் பொருந்தாது. ஆகவே ஒரு விடையை எப்போதும் அடித்துவிட வேண்டும் என்று பிள்ளைகள் மனனம் செய்வதும் தவறு. சில வேளை இரண்டும் மெய்; சில வேளை ஒன்று; சில வேளை எதுவுமில்லை.

இங்கே ஒரு செய்தியை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். மேடைகளில் சிலர் கணிதம் முழுவதையும் முஸ்லிம்களே கண்டுபிடித்தனர் என்பது போலப் பேசுகின்றனர். கேட்போருக்கு மகிழ்ச்சி, ஆனால் அது அமானிதத்திற்குப் பொருந்தாது. இத்தகைய கணக்குகளைச் சுமார் கி.மு. 1800 அளவிலேயே பாபிலோனியர் களிமண் ஏடுகளில் செய்து வைத்துள்ளனர். இராக்கின் மண்ணில் அல்குவாரிஸ்மிக்கு இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வித்தை இருந்தது. நமது நாட்டில் பிரம்மகுப்தர் கி.பி. 628இல் குறையெண்ணைக் கடன் என்றும் நிறையெண்ணைச் செல்வம் என்றும் பெயரிட்டு அவற்றுக்குக் கூட்டல் பெருக்கல் விதிகளை வகுத்துவிட்டார். அல்குவாரிஸ்மி இந்திய எண்முறையைப் பற்றித் தனி நூலே எழுதினார். தாம் பெற்றது எங்கிருந்து என்பதை மறைத்தவர் அல்லர். அவர் செய்த புதுமை வேறு. சிதறிக் கிடந்த கணக்குகளை ஆறே வகையாக அடக்கி, எந்தக் கணக்கையும் ஜப்ரும் முகாபலாவும் செய்து அவ்வாறில் ஒன்றுக்குக் கொண்டுவரலாம் எனக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் வழியும், தேவைப்பட்டவற்றுக்குச் சான்றும் தந்தார். ஒரு வித்தையை ஒரு துறையாக்கியவர் அவர். இதற்கு மேல் அவருக்குப் புகழ் சேர்க்கப் பொய் தேவையில்லை.

நம் நாட்டார் செய்த வர்க்கமூலக் கணக்குகள் மிக அழகானவை. பாஸ்கராசாரியார் கி.பி. 1150இல் எழுதிய லீலாவதி நூலில் வண்டுக் கணக்கு ஒன்றுண்டு. ஒரு வண்டுக் கூட்டத்தின் பாதிக்கு வர்க்கமூலம் எத்தனையோ அத்தனை வண்டுகள் ஒரு பூச்செடிக்குப் போயின. கூட்டத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் போயிற்று. தாமரையில் சிக்கிய ஆண் வண்டொன்றும் வெளியே ரீங்கரிக்கும் அதன் துணையும் மீதி. கூட்டம் எத்தனை? விடை 72. பாதி 36, அதன் வேர் 6, ஒன்பதில் எட்டுப் பங்கு 64, மீதி 2.

அவருடைய பீஜகணிதத்தில் வரும் குரங்குக் கணக்கோ நமது கேள்விக்கே நேரான விடை. ஒரு கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கில் மூன்றைக் கழித்து, அதை வர்க்கப்படுத்தினால் வரும் எண்ணிக்கையுள்ள குரங்குகள் குகைக்குள் போய்விட்டன; ஒரு குரங்கு மட்டும் கண்ணில் படுகிறது. கணக்குச் செய்தால் 50 என்றும் 5 என்றும் இரு விடைகள் வரும். ஐம்பதில் ஐந்தில் ஒன்று பத்து, மூன்று போக ஏழு, வர்க்கம் 49, ஒன்று சேர 50. ஐந்தை இட்டாலோ, ஐந்தில் ஒன்று ஒன்றுதான். ஒன்றில் மூன்று எப்படிப் போகும்? குறை இரண்டு. அதை வர்க்கப்படுத்தினால் 4, ஒன்று சேர 5 எனக் கணக்கு பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் குறை இரண்டு குரங்கு என்று உலகில் இல்லை. அத்தகைய விடையை மக்கள் ஏற்பதில்லை என்று கூறி ஐந்தை விலக்கிவிடுகிறார் பாஸ்கரர். பக்தாதில் படம் செய்த வேலையை இங்கே பொருளறிவு செய்தது.

ஃபராயிள் ஓதிய ஆலிம்கள் நம்மிடம் ஒரு கேள்வி எழுப்பக்கூடும். வாரிசுப் பாகப்பிரிவினைக்காகவே இயற்கணிதம் தோன்றியது என்று சொல்லக் கேட்டிருக்கிறோமே, அது மெய்யா? பாதி மெய். அல்குவாரிஸ்மியின் நூலில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி வஸிய்யத்து, வாரிசுரிமைக் கணக்குகளே. வணிகம், நில அளவை, வாய்க்கால் வெட்டுதல் ஆகியவற்றுக்கும் இது பயன்படும் என அவர் முன்னுரையில் கூறுகிறார். உதாரணமாக ஒன்று: இரண்டு மகன்களை விட்டு ஒருவர் மவ்த்தாகிறார். மூன்றில் ஒரு பங்கை அந்நியர் ஒருவருக்கு வஸிய்யத்துச் செய்திருக்கிறார். கையிருப்பு பத்துத் திர்ஹம். ஒரு மகன் அவருக்குத் தர வேண்டிய கடன் பத்துத் திர்ஹம். கடனில் எவ்வளவு இப்போது கணக்கில் சேரும்? அதனை 'ஷைஉ', அதாவது ஒரு பொருள் என்று வைத்துக்கொள்கிறார். பத்தும் ஒரு ஷைஉவும் சேர்ந்ததில் மூன்றில் ஒன்று அந்நியருக்கு. மீதியை இரு மகன்கள் சமமாகப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒன்று. கடன்பட்ட மகனின் பங்கு அந்த ஷைஉவே. கணக்குச் செய்தால் ஷைஉ ஐந்து. மூவருக்கும் ஐந்தைந்து. இதன் ஃபிக்ஹு நுணுக்கங்களுக்குள் நாம் இங்கே நுழையவில்லை. நாம் காட்ட விரும்புவது, இதில் வேருக்கு வேலையே இல்லை என்பதைத்தான். அரை, கால், அரைக்கால், மூன்றிலொன்று, ஆறிலொன்று என்னும் பங்குகளுக்கு வர்க்கமூலம் வேண்டியதில்லை.

வேர் தேவைப்படுவது பங்கை மண்ணில் அளந்து காட்டும்போது. இருபதடிக்கு இருபதடியான சதுர மனையில் பாதியை மூலையில் சதுரமாகவே ஒருவருக்கு ஒதுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முழுப் பரப்பு 400; பாதி 200. அவருடைய பக்கம் பத்தடி என்று பலரும் சட்டெனச் சொல்வர். பத்தடியானால் பரப்பு 100தான், அவருடைய உரிமையில் பாதி போயிற்று. பக்கம் 200இன் வேர். பதினான்கடியை விடச் சற்று மிகுதி. எவ்வளவு மிகுதி என்று எத்தனை தசமம் போட்டாலும் முடிவதில்லை. இத்தகைய வேரை அரபிக் கணிதர் 'அஸம்மு', அதாவது செவிடு என்றனர். கேட்டால் விடை சொல்லாத வேர். அல்குவாரிஸ்மி இந்த 200இன் வேரை வைத்தே ஒரு கணக்குத் தருகிறார். 200இன் வேரில் பத்தைக் கழித்து, அதனுடன், இருபதில் 200இன் வேரைக் கழித்த மீதியைக் கூட்டினால் என்ன? விடை பத்து. நமது மனையில் இதைக் கண்ணால் காணலாம். இருபதடிப் பக்கத்தில் பத்தாவது அடியில் ஒரு முளை, 200இன் வேரில் ஒரு முளை. முதல் முளையிலிருந்து இரண்டாவது வரை ஒரு துண்டு. இரண்டாவதிலிருந்து எல்லை வரை ஒரு துண்டு. இரண்டும் சேர்ந்தால் பத்தடிதானே! செவிட்டு வேர் வந்த வழியே போய்விட்டது. அவரும் இதற்குக் கோடு வரைந்தே சான்று தந்துள்ளார். அடுத்து வரும் இன்னும் கடினமான ஒரு கணக்குக்குத் தாம் முயன்ற படம் தெளிவாக அமையவில்லை எனவும், சொல்லாலேயே விளக்குவதாகவும் அவர் ஒளிக்காமல் எழுதியிருப்பது நமக்கு மிகவும் பிடித்த இடம்.

மேற்கே இந்நூல் சென்ற கதை சுருக்கமானது. கி.பி. 1145இல் ஸ்பெயினின் செகோவியா நகரில் செஸ்டர் ஊரினரான ராபர்ட் இதனை இலத்தீனில் பெயர்த்தார். 1187இல் மறைந்த கிரெமோனா நகர ஜெரார்டும் தொலெதோவில் பெயர்த்தார். வாரிசுரிமைப் பகுதியை இருவரும் விட்டுவிட்டனர்; அவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. ஜித்ர் 'ராடிக்ஸ்' ஆயிற்று, அதுவும் வேரே. அஸம்மு 'சுர்துஸ்' ஆயிற்று; அதுவும் செவிடே, ஆங்கிலக் கணிதத்தில் இன்றும் அச்சொல் 'சர்ட்' என்று வாழ்கிறது. ஷைஉ இத்தாலியில் 'கோஸா' ஆயிற்று. பிள்ளைகள் எழுதும் √ என்னும் குறி ஜெர்மன் மொழியில் எழுதிய ருடால்ஃபின் 1525ஆம் ஆண்டு நூலில் அச்சேறியது. அதன் தலைமேல் நீளும் கோடு 1637இல் டெக்கார்ட் சேர்த்தது. சமக் குறி 1557இல் ராபர்ட் ரெக்கார்டு தந்தது. அரபி மூலம் 1831இல்தான் லண்டனில் ஃபிரெடரிக் ரோசன் என்பவரால் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சிடப்பட்டது. ஆக்ஸ்போர்டில் உள்ள, ஹிஜ்ரி 743இல் படியெடுக்கப்பட்ட சுவடி அதற்கு ஆதாரமாயிற்று.

ஜமாஅத்தார்களே! நமது மக்தபில் முன்னொரு காலத்தில் ஹிஸாப் என்றொரு பாடம் இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். அது நின்றுபோய் நெடுங்காலமாயிற்று. இன்று பாகப்பிரிவினை என்று வந்தால் ஆலிமிடம் பங்கு கேட்கிறோம், அளக்க வேறொருவரைத் தேடுகிறோம், இருவர் சொல்லும் பொருந்தாதபோது சகோதரர்கள் பேச்சு நின்றுபோகிறது. மறுபுறம் கணக்கில் தோற்றதால் பத்தாம் வகுப்போடு படிப்பை விடும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள்; அவர்களில் ஆண்பிள்ளைகளே மிகுதி. ஆதலால் சனிக்கிழமை தோறும் அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் ஹிஸாப் வகுப்பு நடத்த, வரும் பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்கிறோம். கணித ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் நம்மிடையே உள்ளனர். ஃபராயிள் பகுதியை நாம் நடத்தித் தருகிறோம். செலவு என்று பார்த்தால் ஒரு கரும்பலகை.

முதல் நாள் பாடத்திற்கான கணக்கையும் இப்போதே தந்துவிடுகிறோம். அல்குவாரிஸ்மியின் காலத்திலேயே, ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷரின் நாட்டில் வாழ்ந்த சமணக் கணிதர் மஹாவீரர் சுமார் 850இல் எழுதிய நூலில் உள்ளது இது. ஓர் ஒட்டகக் கூட்டத்தில் கால் பங்கு காட்டில் நிற்கிறது. கூட்டத்தின் வர்க்கமூலத்தைப்போல் இரு மடங்கு மலைச்சரிவுக்குப் போயிற்று. மீதிப் பதினைந்து ஒட்டகங்கள் ஆற்றங்கரையில் நிற்கின்றன. கூட்டம் எத்தனை? கால் பங்கை நீக்கிவிட்டால் இது அல்குவாரிஸ்மியின் ஆறாவது வகையில் அடங்கும்: வேர்களும் எண்ணும் சேர்ந்தால் மால். விடையோடு வருபவர்கள் சோதித்த கணக்கையும் எழுதிக் கொண்டுவர வேண்டும்.